விடலாம் என்று சொல்ல மறந்தவள்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் வீடும் பூனையும் நன்றாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று மட்டும் இந்த முறை கேட்கப் போவதில்லை, கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும், நல்லாயிருக்கேம்மா ஒன்னுமில்லம்மா என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அங்கே மழையா வெயிலா என்பதற்குத் தாவிவிடுவாய், நானும் உன் கூடவே தாவிவிடுவேன், இப்படியே நாம் இரண்டு பேரும் வாரத்துக்கு மூன்று முறை வானிலை அறிக்கை வாசித்துக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் கடிதம். கையில் போன் இருக்கும்போது யாராவது பேனாவைத் தேடுவார்களா, இந்தக் கிழவிக்கு என்ன ஆயிற்று என்று சிரிப்பாய், சிரி. போனில் நீ குறுக்கே பேசுவாய், கடிதத்தில் அந்தப் பாச்சா பலிக்காது. முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், இதைக் காரில் உட்கார்ந்து படிக்காதே. எங்கே வேண்டுமானாலும் படி, காரில் மட்டும் வேண்டாம். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

பக்கத்து வீட்டுத் தையல் பெரியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது ஊசியில் நூல் கோர்க்க யார் தயவும் வேண்டாம், சந்தோஷம்தான், ஆனால் நம் வீட்டு ஜன்னல் கம்பியில் இருக்கிற தூசியும் சேர்ந்து தெரிகிறது, தினமும் காலையில் வந்து எனக்குப் பட்டியல் வாசிக்கிறாள், இத்தனை வருஷமா இந்த அழுக்குக்குள்ளயா உக்காந்து காப்பி குடிச்சேன் என்று என்னையே கேட்கிறாள். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் விரிசல் இருந்தது, அடைத்தாயிற்று. அப்புறம் பின்பக்கத்து சிமென்ட் தரையை உடைத்துவிட்டேன். முழுவதும் இல்லை, துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே, ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு. கொத்தனார் என்னிடம் மூன்று தடவை கேட்டார், தரையைப் போடணுமா உடைக்கணுமாம்மா என்று. உடைக்கணும் என்றேன். எல்லாரும் போடத்தான் கூப்பிடுவாங்க, உடைக்கக் கூப்பிட்ட முதல் ஆள் நீங்கதான் என்று தலையைச் சொறிந்தார், கீழ ஏதாச்சும் புதைச்சு வச்சிருக்கீங்களா என்று வேறு குசுகுசுவென்று கேட்டார். மண்ணு இருக்குப்பா என்றேன். அவருக்கு நான் மறை கழன்ற கேஸ் என்று முடிவாகிவிட்டது. நான் ஏன் உடைத்தேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன் பெண்டாட்டி எனக்குப் போன் செய்தாள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள், சொல்ல மாட்டேன் என்று நானும் வாக்குக் கொடுத்தேன், இதோ சொல்கிறேன். கோபம் வந்தால் என்னைத் திட்டு, அவளை ஒரு வார்த்தை கேட்டாய் என்றால் தெரியும் சேதி. சாயங்காலம் வேலை முடிந்து வந்து, வீட்டுக்குக் கீழே வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமல் அரை மணி முக்கால் மணி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயாமே. அவள் மேலே ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாளாம். கீழே இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினால் உடனே சிரிப்பாயாம், ஒரு போன் பேசிட்டிருந்தேன் என்பாயாம், கையில் போனே இருக்காதாம். நெஞ்சு அடைக்கிறது என்று டாக்டரிடம் போனதையும், எல்லா டெஸ்ட்டும் எடுத்துப் பார்த்து இதயத்துக்கு ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டதையும் நீ என்னிடம் மூச்சு விடவில்லை. எப்படி அடைக்குதுன்னு கேட்டேன் அத்தை, முன்னாடி ஒரு கை பின்னாடி ஒரு கை வச்சு யாரோ அழுத்திப் பிடிச்சிருக்கற மாதிரி இருக்குங்கறார் என்றாள். பிறகு என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து, வேடிக்கையாக இன்னொன்று சொன்னாள். என் பேத்திக் குட்டி விழுந்து அழுதால் நீ அவள் முன்னால் மண்டி போட்டு, நெஞ்சில் ஒரு கையும் முதுகில் ஒரு கையும் வைத்து, நல்லா இழு, பிடி, அசையாத என்பாயாம். அவளும் கன்னத்தை உப்பிக்கொண்டு டக்கென்று நிறுத்திவிடுவாளாம். உங்க எக்ஸ்ரே மந்திரமாமே அத்தை, நல்லா வேலை செய்யுது, ஆனா உதடு நீலமா ஆகற வரைக்கும் அப்படியே அவர் மூஞ்சியப் பாத்துட்டு நிக்கறா, எப்ப விடணும்னு தெரியல போல என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று பொய் சொல்லிப் போனை வைத்தேன். உன் நெஞ்சை அழுத்துவது என்ன என்று எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி நான்கு நாள் நடித்தேன், அந்த நான்கு நாளில் சுத்தமாக இருந்த அலமாரிகளையெல்லாம் மறுபடி சுத்தம் செய்தேன்.

உனக்குத் தெரியாததா, நீ பேசப் பழகியதே அந்த வார்த்தைகளில்தான். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் ஒரு நாளைக்கு நாற்பது நெஞ்சு, முப்பத்தோரு வருடம். வருகிறவர்களைப் பலகையோடு ஒட்டி நிற்கவைத்து, தாடையை மேலே தூக்கி, தோளை முன்னால் தள்ளி, ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, மூச்சை நல்லா இழுங்க, பிடிங்க, அசையாதீங்க. பட்டனை அழுத்தியதும், இப்ப விடலாம். மூன்று வயதில் நீ உன் பொம்மைகளையெல்லாம் சுவரோடு வரிசையாக நிற்கவைத்து இதையேதான் சொல்வாய், கரடிக்கும் சொல்வாய், உடைந்த காருக்கும் சொல்வாய், கடைசியில் ஒவ்வொன்றின் தலையையும் தட்டி, இப்ப விதலாம் என்பாய். உன் அப்பாவுக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு அடங்காது, பஸ் ஓட்டிக் களைத்து வந்தவர் சுவரோடு போய் நின்று, எனக்கும் எடுங்க டாக்டர் என்பார். அப்புறம் அந்த ஆசாரியின் கதையும் உனக்கு ஞாபகம் இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவரை, மரவேலை செய்கிறவர், பலகையில் நிற்கவைத்துப் பிடிங்க என்று சொன்னேன், வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள், போய் என்ன ஏது என்று கேட்டுவிட்டு வந்து பார்த்தால் மனுஷன் முகம் செக்கச்செவேல் என்று பிதுங்கிக்கொண்டு நிற்கிறார். ஐயோ ஏன் இன்னும் பிடிச்சிட்டு நிக்கறீங்க என்று பதறினால், நீங்க இன்னும் விடலாம்னு சொல்லலையேம்மா என்றார். ஆஸ்பத்திரி முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். வீட்டில் நான் நடித்துக் காட்டுவேன், நீ இன்னொரு தடவை இன்னொரு தடவை என்பாய். அது சிரிக்கிற கதை இல்லை என்று இந்த வயதில்தான் தெரிகிறது.

எனக்கு ஒரு மாதமாக விட்டுவிட்டு இருமல். பதறாதே, எக்ஸ்ரே படம் சுத்தமாக இருக்கிறது, தூசிக்கு வந்த இருமல்தான், பெரியம்மா கேட்டால் ஜன்னல் கம்பி என்பாள். அந்த வியாழக்கிழமை நம் பழைய ஆஸ்பத்திரிக்கே படம் எடுக்கப் போனேன். இப்போது அந்த அறையில் என்னோடு பதினைந்து வருடம் வேலை பார்த்த வாயாடி இருக்கிறாள், நீ பார்த்திருக்கிறாய், ஒரு படம் எடுப்பதற்குள் ஒன்பது கதை சொல்வாளே, அவள்தான். அக்கா வாங்கக்கா, உங்களுக்கு நான் எடுக்கறதா என்று ஒரு பாட்டம் பேசிவிட்டு என்னைப் பலகையில் நிற்கவைத்தாள். முப்பத்தோரு வருடத்தில் அந்தப் பலகையை நான் துடைத்திருக்கிறேன், என் நெஞ்சு அதில் பட்டதே இல்லை. அவ்வளவு சில்லென்று இருக்கும் என்று யாருமே என்னிடம் சொன்னதில்லை பார். இழுங்கக்கா, பிடிங்கக்கா, அசையாதீங்க என்றாள். பிடித்தேன். பட்டன் சத்தம் கேட்டது. அதே நேரம் வெளியே ஸ்ட்ரெச்சர் வந்து கதவில் இடித்தது, யாரோ அவசரம் என்று கத்தினார்கள், இவள் ஓடிவிட்டாள். நான் நிற்கிறேன். படம் எடுத்தாயிற்று என்று எனக்குத் தெரியாதா, அந்தச் சத்தத்தைத் தினமும் கேட்டவள் இல்லையா நான், ஆனாலும் உடம்பு விட மாட்டேன் என்கிறது. யாரும் இன்னும் விடலாம் என்று சொல்லவில்லையே. காது அடைத்தது, கண்ணில் நீர் முட்டியது, கண் எதிரே பலகை இல்லை தம்பி, நீ நின்றாய். பத்து வயதில், பள்ளிக்கூடச் சட்டையோடு, அந்த அறைக்கு வெளியே, பச்சை பெயின்ட் அடித்த அதே வராண்டாவில். வாயாடி திரும்பி வந்து, ஐயையோ அக்கா, விடலாம் விடலாம் என்று அலறினாள். விட்டேன், மூச்சோடு சேர்ந்து ஒரு சத்தம் வந்தது, அப்படி ஒரு சத்தம் என்னிடம் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

அன்றைக்கு நடந்ததை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நாம் இரண்டு பேரும் அதை ஒரு முறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. மத்தியானம் மூன்று மணி இருக்கும். உன் அப்பாவை ரோட்டிலிருந்து நேராகக் கொண்டுவந்தார்கள், வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் சாய்ந்திருக்கிறார், பயணிகள் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. நான் யூனிஃபார்மோடு ஓடினேன். உன்னைப் பெரியம்மா பள்ளியிலிருந்து கூட்டி வந்தாள். நீ வராண்டாவில் வந்து நின்றபோது எல்லாம் முடிந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது. நான் குனிந்து, அப்பா போயிட்டாருடா என்றேன். நீ வாயைத் திறந்தாய். சத்தம் வருவதற்கு முன்னால், ஒரு கையை உன் நெஞ்சிலும் ஒரு கையை முதுகிலும் வைத்து, நல்லா இழு, பிடி, அசையாத என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. நீ அழுதால் நான் உடைந்துவிடுவேன் என்ற பயம், வேறொன்றும் இல்லை. வாய் பழகிய வார்த்தை வந்துவிட்டது. நீ இழுத்தாய், பிடித்தாய், சுவரோடு ஒட்டித் தாடையைத் தூக்கி நின்றாய். கையெழுத்துப் போட வாங்க என்று என்னைக் கூப்பிட்டார்கள், போய்விட்டேன். திரும்பி வந்தபோது நீ அழாமல் நின்றதைப் பார்த்து எனக்கு ஒரு நிம்மதி, என் சமத்து என்று உன் தலையைத் தடவினேன். வந்தவர்களெல்லாம் பிள்ளை அழவே இல்லையே என்ன தைரியம் என்றார்கள், நான் அதை மெடல் மாதிரி குத்திக்கொண்டு திரிந்தேன். அதற்குப் பிறகு உன் பேரையே யாரும் சொல்லவில்லை, எல்லாருக்கும் நீ சமத்துதான். சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டு உடைந்தபோது நானேதான் படம் எடுத்தேன், உன் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. பரீட்சைக்கு முன்னால் வாசல்படியிலேயே பயந்து நிற்பாய், அப்போதும் இழு பிடி என்பேன், பிடிச்சிருக்கேம்மா என்பாய். இத்தனையிலும் ஒரு தடவையாவது விடலாம் என்ற அந்தக் கடைசி வார்த்தையைச் சொன்னேனா என்று மூன்று வாரமாக யோசிக்கிறேன். இல்லை. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொன்ன வார்த்தையை என் பிள்ளைக்குச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பெரியம்மாவைப் பிடித்து உலுக்கினேன், அன்னைக்கு நான் உள்ள போனப்புறம் என்ன நடந்துச்சு என்று. அவள் கையிலிருந்த ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். பிறகு சொன்னாள், நான் அவன உக்காரச் சொன்னேன், தண்ணி குடிக்கச் சொன்னேன், இல்ல பெரியம்மா, அம்மா அசையக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கன்னு அப்படியே நின்னான், முக்கால் மணி நேரம் நின்னான். இதை ஏன்க்கா அன்றே என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன். நீ பெருமையாச் சொல்லிட்டுத் திரிஞ்சே, உன் மூஞ்சியப் பாத்து நான் என்னத்தச் சொல்ல என்றாள். முக்கால் மணி நேரம் தம்பி. காரில் நீ எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறாய் என்று உன் பெண்டாட்டி சொன்னதும் அதே கணக்குதான்.

உன் அப்பா என்ன செய்வார் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா. டியூட்டி முடிந்து வந்ததும் வீட்டுக்குள் நுழைய மாட்டார். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராகப் பின்பக்கம் போய் வெறும் காலோடு மண்ணில் நிற்பார். மழை பெய்தாலும் நிற்பார். வண்டி இன்னும் உடம்புக்குள்ள ஓடிட்டிருக்கு, அது நிக்கட்டும், அப்புறம் வரேன் என்பார். நான் சும்மா இருப்பேனா, அங்கயே முளைச்சிடப் போறீங்க, தண்ணி ஊத்தவா என்பேன். நீ ஓடிப்போய் அவர் பாதத்தின் மேல் உன் பாதத்தை வைத்து ஏறி நிற்பாய், அவர் மூச்சு விடும்போது உன் வயிறும் சேர்ந்து இறங்கும், ஜன்னல் வழியாக நான் பார்த்திருக்கிறேன். பத்து நிமிடத்தில் அவர் உள்ளே வரும்போது வேறு ஆளாக வருவார், ரோட்டில் எவனோ திட்டியதையெல்லாம் அந்த மண்ணிலேயே விட்டுவிட்டு வருவார். அவர் போன மூன்றாவது மாதம் அந்த இடத்தை நான் சிமென்ட் போட்டு மூடினேன். சேறு வீட்டுக்குள்ளே வருகிறது என்று காரணம் சொன்னேன். உண்மை என்னவென்றால் ஒரு நாள் சாயங்காலம் நீ அங்கே தனியாக வெறும் காலோடு நின்றுகொண்டிருந்தாய், அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. எனக்குத் தாங்கவில்லை என்பதற்காக உனக்கு இருந்த ஒரே இடத்தையும் மூடிவிட்டேன். சிமென்ட் காய்ந்த அன்று நீ ஓரமாக விரலை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு உள்ளே போனாய். இப்போது அங்கே நீ காரில் உட்காருவது வேறு ஒன்றும் இல்லை, அவர் செய்ததையேதான் செய்யப் பார்க்கிறாய், ஆனால் அவர் இறங்கி நின்றார், உனக்கு இறங்க இடம் தெரியவில்லை. அதற்குக் காரணம் நான்.

படம் எடுத்துவிட்டு அன்றைக்கு நேராக வீட்டுக்கு வர எனக்குக் கால் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் துணி துவைக்கிற இடத்தருகே ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது, அத்தனை வருடம் அங்கே வேலை பார்த்தும் அதன் அடியில் நான் உட்கார்ந்ததில்லை, ஜன்னல் இல்லாத அந்த அறையிலேயே சாப்பிட்டு அங்கேயே டப்பாவைக் கழுவி வைத்தவள். போய் நின்றேன். செருப்பைக் கழற்றினேன். முதுகை அந்த மரத்தோடு ஒட்டினேன், அடிமரத்துப் பட்டை கரடுமுரடாகக் குத்தியது, வெயில் குடித்து வெதுவெதுப்பாக இருந்தது. மேகம் மூடியதும் இலையெல்லாம் ஜோடி ஜோடியாகக் கை கூப்பின மாதிரி மடிய ஆரம்பித்தது. அவ்வளவுதான், உடைந்துவிட்டேன். உன் அப்பாவுக்காக இருபத்து நான்கு வருடம் கழித்து அழுதேன். துணி காயப்போடுகிற அம்மா ஒருத்தி பார்த்துவிட்டு, அழுங்க அழுங்க, இந்த மரத்தடிக்கு ஒருநாள் எல்லாரும் வந்துதான் ஆகணும், பெரிய டாக்டரே வந்திருக்கார் என்று சொல்லிவிட்டுப் படுக்கை விரிப்பை உதறப் போய்விட்டாள். மழை தூறியது, காலடியில் மண் மெதுவாக இளகியது, மூச்சு தானாக உள்ளே வந்தது, தானாக வெளியே போனது, யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கும்பிடுகிறவர்கள் கும்பிடும்போது என்ன கிடைக்கிறதோ எனக்குத் தெரியாது, எனக்கு எப்போதும் உதடு மட்டும்தான் கும்பிட்டது, மனசு அடுத்த வேலைக்குப் போய்விடும். அன்றைக்குத்தான் முழு உடம்போடு ஓர் இடத்தில் நின்றேன். யாரோ பக்கத்தில் இருக்கிறார்கள் என்று தோன்றியது, அது உன் அப்பாவா, சாமியா, வெறும் மரம்தானா என்று நான் ஆராய்ச்சி செய்யவில்லை. அடுத்த வாரமே கொத்தனாரைக் கூப்பிட்டேன். இருபத்து நான்கு வருடம் மூடிக் கிடந்த மண் வெளிறிப்போய் நாதியற்றுக் கிடந்தது, இனி இதில் ஒன்றும் வராது என்று நினைத்தேன், இரண்டு மழைக்குள் எறும்பு வந்துவிட்டது, நேற்று ஓரத்தில் புல் தெரிகிறது. தினமும் காலையில் அதில் பத்து நிமிடம் நிற்கிறேன். இருமல் குறைந்திருக்கிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று உன்னிடம் கதை விடப் போவதில்லை, சில நாள் நின்றாலும் நெஞ்சு கல்லாகத்தான் இருக்கிறது, ஆனால் கல்லாக இருக்கிறது என்று தெரிகிறது, முன்பு அதுவும் தெரியாது.

மன்னித்துவிடு என்று எழுதி இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். நான் மன்னிப்புக் கேட்டால் பரவாயில்லம்மா என்பாய், அதுவும் நீ பிடித்துக்கொள்வதுதான். பரவாயில்லை என்று சொல்லாதே. கோபம் வந்தால் கோபப்படு, போனில் கத்து, எனக்குக் காது நன்றாகக் கேட்கும், நான் எங்கேயும் ஓடிவிட மாட்டேன். நீ பேசாமல் அழுதாலும் சரி, போனை வைக்காமல் இரு, நானும் வைக்க மாட்டேன், வானிலை பற்றி யாரும் பேச வேண்டாம். இதையெல்லாம் நன்றாகக் கேட்கிற ஒருவரிடம் போய்ப் பேசலாம் என்று உன் பெண்டாட்டி சொன்னாளாம், நீ சிரித்து மழுப்பினாயாம், போய்ப் பேசு, பல்வலிக்குப் போவதில்லையா. சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் இறங்கு. உங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு மரம் இருக்கிறது, அதன் பேர் எனக்குத் தெரியாது, குட்டி அதன் இலையைப் பொறுக்கி வந்து வீடியோவில் எனக்கு எண்ணிக் காட்டுவாள். அங்கே போ. ஷூவையும் சாக்ஸையும் கழற்று, தரை சில்லென்று இருக்கும், இருக்கட்டும், இரண்டு நிமிடம் போதும். பார்க்கிறவன் பைத்தியம் என்று நினைப்பான், நினைத்துவிட்டுப் போகட்டும், உன் அப்பாவை இந்தத் தெருவே அப்படித்தான் நினைத்தது. குட்டியைக் கூட்டிக்கொண்டு போ, உன் பாதத்தின் மேல் ஏற்றி நிறுத்திக்கொள், அவள் எடை ஏறட்டும். இனி அவள் அழுதால் கையை நெஞ்சில் வைக்காதே, அவளை மடியில் வைத்துக்கொள், அழுது முடிக்கட்டும், அழுகை தானாக முடியும், அது எனக்கு இப்போதுதான் தெரியும். ஏற்கனவே சொல்லிக் கொடுத்துவிட்டாயே, அந்த விளையாட்டு அவளுக்குப் பிடிக்கும் என்றால் விளையாடு, ஆனால் அந்தக் கடைசி வார்த்தையை மறக்காதே. உன் கரடிக்கே நீ சொன்னவன்.

நீயும் உன் பெண்டாட்டியும் குட்டியும் மனசும் உடம்பும் ஒன்றாக இருந்து நூறு வருடம் நன்றாக வாழ வேண்டும். அவளிடம் சொல், அத்தைக்கு அடுப்பில் ஒன்றும் தீயவில்லை, பொய் சொன்னதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று. மருந்து மாத்திரை கொடுத்திருந்தால் நேரத்துக்குச் சாப்பிடு. விடுமுறை கிடைக்கும்போது வா, மண் உனக்காகக் காத்திருக்கிறது, அதற்குள் புல் நன்றாகப் பிடித்திருக்கும். இனிமேல் உன்னைச் சமத்து என்று கூப்பிட மாட்டேன், அந்தப் பேர் உனக்கு ரொம்ப பாரமாகிவிட்டது. பெரியம்மா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள், பக்கத்தில் உட்கார்ந்து என் எழுத்தின் கோணலையும் இப்போது கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறாள். இன்னும் ஒன்றே ஒன்று பாக்கி. காரில் இல்லையே நீ? வெறும் காலோடு நில். அன்றைக்கு அந்த வராண்டாவுக்கு நான் திரும்பி வந்தேன் அல்லவா, உன் தலையைத் தடவுவதற்குப் பதிலாக இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். என் இரண்டு கையையும் எடுத்துவிட்டேன் தம்பி. எல்லாம் முடிந்துவிட்டது, நீ நன்றாகவே நின்றாய், இனி அசையலாம். இப்ப விடலாம்.

உன் அம்மா